ஒரே ஒரு தாள் கேட்கிறோம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தனுப்ப உத்தரவிடுமாறு கேட்டு இதை எழுதுகிறேன். எந்தெந்த மருந்து ஏறியது, டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து என்றால் மொத்தம் எவ்வளவு, நெஞ்சில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்களா, முன்னும் பின்னும் எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் எத்தனை சதவீதம் என்பவை அதில் இருந்தால் போதும்.

டாக்சோரூபிசினைப் பெயர் சொல்லிக் கேட்கக் காரணம் உண்டு. வார்டில் ‘சிவப்பு மருந்து’ என்கிறார்களே, அதுதான். பல புற்றுநோய்களில் உயிர் காக்கும் மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் இதயத் தசைக்கு அதனால் வரும் ஆபத்து சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும், 550 ஏறியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கும் இதயச் செயலிழப்பு வரலாம் என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் நான்கு சுற்றுகளில் 240 ஆகிவிடும். அது பெரும்பாலோருக்குத் தாங்கக்கூடிய அளவுதான். பத்தாண்டு கழித்து நோய் திரும்பினால்? வேறு ஊரில் இருக்கும் மருத்துவர் எந்தக் கணக்கை வைத்து மேற்கொண்டு மருந்து தருவார்?

என் சித்திக்குச் சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளில் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, காலும் வீங்கியது. ரத்தசோகை என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். எக்கோ எடுத்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த மருத்துவரை நான் குறை சொல்லமாட்டேன். அவரிடம் நீட்டிய சீட்டில் ‘கீமோ முடிந்தது’ என்பதற்கு மேல் எதுவுமில்லை.

சில வகை மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் ஊசி போடுபவர்களுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும். அந்த ஊசியால் இதயத்தின் பம்பிங் குறைந்தாலும், நேரத்தில் கண்டுபிடித்து ஊசியை நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் எக்கோவுக்கென்று தனியாக ஒரு நாள் கூலியை இழந்து வரச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? ஊசி போடும் நாளிலேயே அதையும் எடுத்துவிட ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொன்று. சிவப்பு மருந்து ஏறிய உடம்பில் ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் இதயத்திற்கு ஆபத்து பல மடங்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும், மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று விசாரிக்கவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறிய அளவு நோயாளியின் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. கூட்டி எழுதிக் கையெழுத்திட வேண்டியதுதான். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தைகளுக்கு இந்தத் தாள் ஆயுள் முழுக்கத் தேவைப்படும் என்பதால், கெட்டி அட்டையில், தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் குடும்பத்தார்