பால் எடுக்க ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் நர்சிங் படிக்கிறேன், குழந்தைக்கு நாலு மாதம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்று வகுப்பில் எங்களுக்கே பாடம் நடத்துகிறார்கள், ஆனால் அந்த வகுப்பு முடிந்ததும் தாய்ப்பால் எடுக்கும் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு நான் போவது கழிப்பறைக்குத்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எடுக்காவிட்டால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், காய்ச்சல்கூட வரலாம், அப்புறம் சுரப்பே குறைந்துவிடும். வார்டில் ஒரு நாள் ஐந்து மணி நேரம் விடவே இல்லை. சீருடை நனைந்துபோய், ஃபைலை நெஞ்சோடு அணைத்து மறைத்தபடி கட்டில் கட்டிலாக நடந்தேன். எடுத்த பால் வெளியில் 4 மணி நேரம்தான் தாங்கும், ஃபிரிட்ஜில் என்றால் 4 நாள். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக், 20 நிமிடம். கல்லூரி நிர்வாகங்களிடம் இவ்வளவுதான் கேட்கிறேன்.

— ஒரு நர்சிங் மாணவி