இந்தப் பையன்களே ஆடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் ஹாக்கி அணி 7-0 என்று தோற்ற செய்தி மூன்று வரியில் வந்திருந்தது. செய்தியில் தப்பில்லை. ஆனால் அன்று சாயங்காலமே டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: “இந்தப் பொடியன்கள் தேறமாட்டான்கள், அடுத்த போட்டிக்கு வெளியூரிலிருந்து நாலு கெஸ்ட் பிளேயரை இறக்கிவிடலாம்.” கமிட்டியிலும் இப்போது அதே பேச்சுதான். நான் கோவில்பட்டிப் பக்கம் 31 வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்குள் எங்கள் சீனியர்கள் ஒன்பது பேர் போய்விட்டார்கள். ரயில்வே, போலீஸ் என்று வேலை கிடைத்துப் பாதிப் பேர், கல்லூரிக்காக மீதிப் பேர். நல்ல விஷயம்தான். மட்டையைப் பிடித்தால் வேலை கிடைக்கும் என்று நம்பித்தானே எங்கள் பக்கம் வீட்டில் விடுகிறார்கள். இப்போது ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பதினைந்து வயது. கோல் கீப்பருக்குப் பதினான்கு. அவன் கட்டும் பேடு அவனுக்கு முன்னால் இருந்தவனுடையது. வார் அறுந்துபோய் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறான். ஏழு கோலில் ஒன்று, கயிறு அவிழ்ந்து அவன் குனிந்திருந்தபோது விழுந்தது. சிரிக்காதீர்கள்.

அந்த ஆட்டத்தில் எங்களுக்கு ஆறு பெனால்டி கார்னர் கிடைத்தது. பெரும்பாலும் எதிரணி தன் கோலுக்கு முன்னால் உள்ள ‘டி’ என்ற அரைவட்டத்துக்குள் தப்பு பண்ணினால் கிடைக்கும் கோல் வாய்ப்பு அது. ஆறு கிடைத்ததை யாரும் பேசவில்லை. தங்களைவிட நாலைந்து வயது மூத்தவர்களைத் தாண்டிப் பந்தை ‘டி’க்குள் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம். ஆறும் வீணானது ஏன் என்றும் எனக்குத் தெரியும். கோல் கோட்டிலிருந்து பந்தை வெளியே நிற்கிறவனுக்குப் புஷ் பண்ணும் பையனுக்கு மணிக்கட்டில் இன்னும் பலம் ஏறவில்லை. தரையோடு ஒட்டி வரவேண்டிய பந்து இரண்டு தரம் துள்ளி வருகிறது. ஸ்டாப் பண்ணுகிறவன் அதை அடக்குவதற்குள் எதிரணிக்காரன் மேலே வந்து விழுகிறான். போட்டி நடப்பது டர்ஃப் என்ற செயற்கைப் புல்தரையில், நாங்கள் பழகுவது சரளைத் தரையில். சரளையில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது பந்துக்கே தெரியாது. தினமும் ஐம்பது புஷ் எடுக்கச் சொல்கிறேன். ஜூனில் பத்துக்கு மூன்று சரியாக வந்தது, இப்போது ஆறு. எட்டு வருவதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது.

இந்திய அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 12-ஆவது இடம், அதாவது கடைசி. அந்த அணியில் 20 வயது மன்பிரீத் சிங் இருந்தார், கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் இருந்தார். டீக்கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருந்தால் அன்றே இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து, நம் பாஸ்கரன் தலைமையில் 1980-இல் வாங்கிய தங்கத்துக்கு அப்புறம் 41 வருஷம் கழித்துப் பதக்கம் வந்ததே, அந்த அணிக்கு மன்பிரீத்தான் கேப்டன். கடைசி நொடிகளில் பெனால்டி கார்னரைத் தடுத்தவர் ஸ்ரீஜேஷ். அதே ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட சிம்ரன்ஜீத் சிங், 2016-இல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை இறுதியாட்டத்திலும் கோல் போட்டவர். டோக்கியோவுக்கு அவர் போனது மாற்று ஆட்டக்காரராகத்தான்.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் ஊர் விளையாட்டு விடுதியில் வளர்ந்த அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம், 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்ததை இங்கே எல்லாரும் கொண்டாடினோம். மூத்தவர்கள் பலரை விட்டுவிட்டு இளைஞர்களை நம்பி அனுப்பிய அணி அது. சரி, ஊர் அணிக்கு மட்டும் ஏன் அவசரம்?

இதில் நானும் யோக்கியன் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் லெஃப்ட் ஹாஃபில், அதாவது நடுவில் இடது பக்கம், ஆடிய ஒரு பையன். இரண்டு ஆட்டத்தில் அவன் பக்கமாகவே கோல் விழுந்தது. மூன்றாவது ஆட்டத்துக்கு ஆள் மாற்றினேன். அந்தக் கோப்பையை ஜெயித்தோம். பையன் அடுத்த திங்கட்கிழமை மைதானத்துக்கு வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. இன்று லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பார்த்தால் வண்டியை நிறுத்தி “சார், நல்லாயிருக்கீங்களா” என்று கேட்பான். அந்தக் கோப்பை எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

கமிட்டிக்காரர்களும் உங்கள் வாசகர்கள்தான் என்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த இரண்டு வருஷத்துக்கு இதே பதினாறு பையன்களையே எல்லாப் போட்டிக்கும் அனுப்புங்கள். கெஸ்ட் பிளேயருக்கு ஒதுக்கும் பணத்தில் கோல் கீப்பருக்குப் புதுப் பேடும், பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு முட்டையும் வாங்கிக் கொடுங்கள். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினால் பஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோவில்பட்டி