நன்றி நவிலல்: அம்மா வைத்திருந்த பட்டியல்

எங்கள் அம்மா 93 வயதில் கண்மூடிய செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், இரவிரவாகத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்த அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும், வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும், அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் வரை கூடவே நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

வழக்கமாக நன்றி நவிலல் இதோடு முடிந்துவிடும். அச்சகத்தில் வாசகம் தயாராகவே இருக்கிறது, பெயரையும் படத்தையும் மாற்றினால் சரி. ஆனால் அம்மா கடைசி இரண்டு வருடமும் படுக்கையில் இருந்தபடி வேறொரு பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆருக்கும் ஒண்டும் சொல்லாமல் போகக் கூடாது, தம்பி" என்பார். அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் அநேகம்பேர் இப்போது இல்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எங்காவது இதை வாசிக்கட்டும்.

ஐயாவுக்கு உருத்திரபுரத்தில் காணி பெர்மிட் கிடைத்தது 1950இல். ஊர் மட்டுவில். அங்கே ஆறு சகோதரங்களுக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு இரண்டு பரப்பு தேறாது. சாவகச்சேரியில் ரயில் ஏறி, ஆனையிறவு தாண்டி, ஒரு கோடாலி, ஒரு கத்தி, ஒரு சாக்கு அரிசியோடு கிளிநொச்சியில் வந்து இறங்கினார். மறு வருடம் அம்மா வந்தார், இருபது வயதில், முந்தானை முடிச்சில் மட்டுவில் கத்தரி விதையோடு. காடு வெட்டி எரித்த சாம்பல் இன்னும் ஆறாத நிலத்தில் பனையோலைக் கொட்டில் ஒன்று. அதுதான் வீடு.

பட்டியலில் முதலாவது, எங்களுக்கு முன்னால் வந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் நெருக்கடியும் வேலையில்லாத் திண்டாட்டமும் கூடியபோது 1936இல் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சியில் குடியேறினார்களே, அவர்கள். 1952 மாசியில் ஐயாவுக்குக் காய்ச்சல். மூன்று சாக்குப் போர்த்தியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வெளியே மொட்டைக்கறுப்பன் நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. இன்னும் நாலு நாள் போனால் மணி உதிரும். இல்லாவிட்டால் பன்றி வந்து உழக்கிவிடும். அம்மா அண்ணனை வயிற்றில் சுமந்துகொண்டு, தனியே அரிவாளை எடுத்துக்கொண்டு வரம்பில் இறங்கியிருக்கிறார். பொழுது ஏறும்போது கரைச்சிப் பக்கமிருந்து அந்தப் பழைய குடியேறிகள் ஒன்பது பேர் வந்தார்கள். கேட்டு வந்தவர்கள் இல்லை. வெட்டி, கட்டி, கதிரைக் குவித்துச் சூடு வைத்து, மேலே ஓலை மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தார்கள். கூலி என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்றார்கள். "ஒருத்தர் ரெண்டாந்தரம் கஞ்சி கேட்டார், பானையில் இல்லை" என்று அம்மா எழுபது வருடம் கழித்தும் வருத்தப்பட்டார். அந்த ஒன்பது குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

அடுத்தது மலேரியாக்காரர். நுளம்பைக் கொல்லும் டிடிடி மருந்து தெளிக்க வரும்போது சட்டி பானையெல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். மண்சுவரில் வெள்ளை படிந்திருக்கும், மெழுகக் கூடாது என்று கட்டளை. அம்மாவுக்கு அது பெரிய கோபம், வெள்ளிக்கிழமை மெழுகாத வீடா என்று. ஆனால் 1963இல் நாடு முழுவதிலுமே பதினேழு பேருக்குத்தான் மலேரியா என்று சொல்லும் அளவுக்கு அது அடங்கியது. நான் கைக்குழந்தையாகத் தப்பியது அந்தத் தெளிப்பில்தான். (1968இல் காய்ச்சல் திரும்பி வந்து நாட்டையே உலுக்கியது, ஐயாவையும் சேர்த்து. அது வேறு கதை.)

சிறிமா அம்மையார் ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியபோது வன்னியில் காசு புழங்கியது. எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு வந்தது செத்தல் மிளகாய்க் காசில். அதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று அம்மாவுக்கே தெரியவில்லை.

இனி, சொல்லக் கூச்சமான இடம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் ஒரு குடும்பம் வந்து எங்கள் மேட்டுக்காணி ஓரத்தில் கொட்டில் போட்டது. நாற்று நட்டது, களை பிடுங்கியது, மிளகாய்க்குத் தண்ணீர் கட்டியது எல்லாம் அந்த அக்காவும் அவருடைய பிள்ளைகளும். வன்னியின் அரைவாசி வயல் அவர்களைப் போன்றவர்களின் முதுகில்தான் விளைந்தது. எங்களுக்குக் காணி தந்த அரசு அவர்களுக்குத் தரவில்லை. நாங்களும் அதைக் கேட்கப் போகவில்லை. அவர்களுக்குத் தனிக் கோப்பை வைத்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. 1994இல் ஐயா காலமானபோது வரம்பில் நின்று அழுதவர் அந்த அக்கா, வீட்டுக்குள் வரவில்லை. 2008 ஐப்பசியில் போரில் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, அவ்வளவு தூரம் நடக்க முடியாத அம்மாவைத் தன் மகனின் சைக்கிள் கரியரில் இருத்தித் தருமபுரம் வரைக்கும் உருட்டிப்போனவரும் அவர்தான். விசுவமடுவுக்குப் பிறகு அவர்களைக் காணவில்லை. எங்கே இருந்தாலும், அக்கா, எங்களை மன்னிக்க வேண்டும். அம்மா கடைசியில் உங்கள் பெயரைத்தான் அதிகம் சொன்னார்.

2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பியபோது வீடும் இல்லை, ஓடும் இல்லை. தறப்பாளும் தகரமும் விதைநெல்லும் தந்தவர்களுக்கு நன்றி. மிதிவெடி அகற்றிய பெண்பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கொளுத்தும் வெயிலில் முகக்கவசத்தோடு முழங்காலில் இருந்து, மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டி எங்கள் வயலைத் திருப்பித் தந்தார்கள். அம்மா தினமும் பத்து மணிக்கு ஒரு கூசா நிறைய மோர் கொண்டுபோய்ச் சிவப்புத் தடிக்கு இப்பால் வைத்துவிட்டு வருவார். கோட்டைத் தாண்டக் கூடாது என்று அந்தப் பிள்ளைகள் அவரை அதட்டுவார்கள். மண்ணில் எப்படி வேலை செய்வதென்று தனக்கே சொல்லித் தருகிறார்கள் என்று அம்மாவுக்குச் சிரிப்பு.

ஐயாவின் பெர்மிட், மடிப்பில் கிழிந்து, மூன்று பொலித்தீன் பைக்குள் எல்லா இடப்பெயர்வையும் தாண்டி எங்களோடு இருக்கிறது. கத்தரி விதைதான் போய்விட்டது. அதை மட்டுவிலில் இருந்து மறுபடி கொண்டுவந்து தந்த மாமியின் பேத்திக்கும் நன்றி. முப்பத்தோராம் நாள் படையலில் அந்தக் காய்தான் பால்கறியாக வைத்தோம்.

இங்ஙனம்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்
உருத்திரபுரம், கிளிநொச்சி