பிடிஎன்எஃப் வேலை செய்யாதபோது

அன்புள்ள செல்விக்கு,

அழகர் மலைக்குத் திரும்பியாச்சு, மதுரை வெயில் மட்டும் இறங்கக் காணோம். வளர்ப்புத் தட்டிலுள்ள நியூரான்களுக்கு, அவற்றை வளர்க்கும் புரதமான பிடிஎன்எஃப் (BDNF) சேர்த்தும், அவை ஒன்றோடொன்று இணையும் சினாப்ஸில் மாற்றமே இல்லை என்று எழுதியிருந்தாய். முதலில் அதைக் கரைத்த விதத்தைப் பார்.

அது நேர்மின்னூட்டம் மிகுந்த புரதம், கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். வெறும் உப்புக்கரைசலில் நீர்க்கவைத்தால் செல்லுக்குப் போய்ச் சேர்வது சொற்பம்தான். 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (ஒட்டுவதைத் தடுக்கும் மாட்டு இரத்தப் புரதம்) கலந்த கரைசல் எடுத்துக்கொள். 10 மைக்ரோகிராம் குப்பிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்று. அதைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து, 1 மில்லிலிட்டர் வளர்ப்பு ஊடகம் உள்ள தட்டுக் குழிக்கு 5 மைக்ரோலிட்டர் விட்டால் 50 நானோகிராம் கிடைக்கும். மூலக்கரைசலிலிருந்து நேராக அரை மைக்ரோலிட்டர் எடுத்தால் பிப்பெட் பிழையே பெரிதாகிவிடும். மிச்சத்தைச் சிறுசிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80-இல் வை. உருகியதைத் திரும்ப உறையவைக்காதே. கன்ட்ரோல் குழிக்கும் அதே பிஎஸ்ஏ போக வேண்டும்.

சேர்த்த 15 நிமிடத்தில் ஒரு குழியின் செல்களை உடைத்து, பிடிஎன்எஃப் பற்றும் டிராக்-பி ஏற்பியில் பாஸ்பேட் ஏறி அது விழித்திருக்கிறதா என்று, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார். பட்டை தெரியாவிட்டால் ஸ்பைன் (சினாப்ஸ் அமரும் சிறு முளை) எண்ணுவது வீண் உழைப்பு.

வாங்கிய பிடிஎன்எஃப் முதிர்ந்த வடிவமா, இன்னும் வெட்டப்படாத புரோ வடிவமா? முதிர்ந்தது டிராக்-பி வழியே சினாப்ஸை வலுப்படுத்தும். புரோ வடிவம் பி75 என்ற வேறொரு ஏற்பி வழியே வலுக்குறைக்கும். குழியிலுள்ள நொதிகள் புரோவை வெட்டி முதிர்ந்ததாக்கிவிடவும் கூடும் என்பதால், நொதியால் வெட்ட முடியாத புரோ வகை ஒன்றையும் ஒப்பிடக் கையில் வை.

செல்லின் வயதும் முக்கியம். வளர்ப்பில் ஐந்தாம் நாள் நியூரானில், குளோரைடை வெளியேற்றும் கேசிசி2 புரதம் குறைவு, உள்ளே குளோரைடு அதிகம். அதனால் காபா என்ற நரம்புக் கடத்தி அங்கே தூண்டும் பக்கம் நிற்கும். பதினான்காம் நாளில் அதே காபா அடக்கும். இரண்டு வயதையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தால் விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். உனக்கு நடந்தது இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சேர்க்கும் வேகம். நரம்பியல் ஆய்வாளர் பாய் லூவின் குழுவினர் 2010-இல் எலி ஹிப்போகாம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) நியூரான்களில் காட்டினார்கள்: மொத்தமாகக் கொட்டினால் டிராக்-பி கொஞ்ச நேரமே விழித்திருக்கிறது, ஸ்பைன் தலை பருக்கிறது. படிப்படியாக ஏற்றினால் நெடுநேரம் விழித்திருந்து, கிளைகள் பெருகுகின்றன, ஸ்பைன் கழுத்து நீள்கிறது. அளவு ஒன்றே, உருவம் வேறு! எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. தலையின் அகலத்தையும் கழுத்தின் நீளத்தையும் தனித்தனியே அளந்து, படங்களை அனுப்பு. நானும் அளந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
மீனா