டாலர் குறி போட மறந்த வாரம்

கம்பம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே நாலு நாளாக மேற்கு மலை மூடிக் கிடக்கிறது. ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டதால், கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புகள் விடியும் முன்பே நிறைந்துவிடுகின்றன. வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கூலிக் கணக்கும் ஸ்டோர் கணக்கும் என் கையில்தான்.

கோபாலபுரத்துத் தேங்காய்க் கணக்கை எக்செலில் ஏற்றினாய், முதல் வரி சரியாக வருகிறது, கீழே இழுத்தால் கெட்டுப்போகிறது என்று எழுதியிருந்தாய். அதே தப்பை நானும் போன மாதம் செய்தேன். அதில் ஒரு அக்காவின் கூலி குறைந்துபோனது.

புதிதாக நாலு பேர் வேலைக்கு வந்தார்கள். நாலு பேருக்கும் காய் எடுப்புதான், ஆறு நாள். ஷீட்டின் மேலே கூலி ரேட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தேன்: டி2-இல் (டி பத்தியின் இரண்டாம் வரிக் கட்டம்) காய் எடுப்பு 450, டி3-இல் களையெடுப்பு 430, டி4-இல் மருந்தடிப்பு 600, டி5-இல் ஸ்டோர் வேலை 550. முதல் ஆளின் நாள் கணக்கு பி8-இல் இருந்ததால் =பி8*டி2 என்று போட்டேன். 2,700 வந்தது. அப்படியே கீழே இழுத்துவிட்டேன். இரண்டாவது ஆளுக்கு அது பி9*டி3 ஆகிவிட்டது. நாள் கணக்கு ஒரு கட்டம் இறங்கினால் சரி, கூடவே ரேட்டும் இறங்கிவிட்டதே! அந்த அக்காவுக்கு 2,580. அடுத்தவர்களுக்கு 3,600, 3,300. பூஜ்யமாகவோ பிழைச் செய்தியாகவோ வந்திருந்தால் அப்போதே பிடித்திருப்பேன். நாலுமே கூலி மாதிரியே இருந்ததால் கண்ணில் படவில்லை. சனிக்கிழமை பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "நானும் அவளும் ஒரே காட்டில்தானே எடுத்தோம், எனக்கு மட்டும் ஏன் 120 குறையுது?" என்று அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. திங்கள்கிழமை முதல் வேலையாக அந்தப் பணத்தைக் கொடுத்தேன்.

ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்போது "எனக்கு முன்னால் இருப்பவர்" என்று நீ சொன்னால் ஒரு ஆள். நீ ஒரு சீட் பின்னால் நகர்ந்து அதையே சொன்னால் வேறு ஆள். "டிரைவர்" என்றால் எந்த சீட்டில் இருந்து சொன்னாலும் ஒரே ஆள்தான். சும்மா டி2 என்று எழுதினால், எக்செல் அதை "என் கட்டத்திலிருந்து இத்தனை மேலே, இத்தனை வலது பக்கம்" என்றுதான் எடுத்துக்கொள்ளும். $டி$2 என்று எழுதினால் எங்கே நகல் எடுத்தாலும் அதே கட்டம். உன் ஃபார்முலாவில் தேங்காய் எண்ணிக்கை இறங்கட்டும். விலை இருக்கும் கட்டத்தை மட்டும் பூட்டு. அந்தக் குறிக்கும் அமெரிக்கப் பணத்துக்கும் சம்பந்தமில்லை. 1979-இல் வந்த விசிகால்க் என்ற பழைய கணக்கு ஷீட் புரோகிராமில் நகல் எடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் "மாறணுமா, மாறக் கூடாதா" என்று அதுவே கேட்குமாம். அந்த வழக்கம் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம்தான். இப்போது நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குறியைக் கையால் அடிக்க வேண்டாம். ஃபார்முலாவில் டி2-மேல் கர்சரை வைத்து எஃப்4 தட்டு, $டி$2 ஆகும். இன்னொரு தட்டு, டி$2. அப்புறம் $டி2. நாலாவது தட்டில் பழையபடி டி2. சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து அமுக்கணும்.

நடுவில் வரும் டி$2, $டி2 இரண்டும்தான் உனக்கு ரொம்ப உதவும். குறி எதற்கு முன்னால் நிற்கிறதோ அது மட்டும் நகராது. ஏ3-இலிருந்து கீழ்நோக்கி 100, 200, 300 என்று காய் எண்ணிக்கை எழுது. பி2-இலிருந்து வலப்பக்கமாக 30, 32, 34 என்று காய் விலை எழுது. பி3-இல் =$ஏ3*பி$2 போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழு. எண்ணிக்கை ஏ-வை விட்டு நகராது, விலை இரண்டாம் வரியை விட்டு இறங்காது. ஒரே ஃபார்முலாவில் முழு அட்டவணையும் நிறைந்துவிடும். பிரின்ட் எடுத்துக் கிடங்குச் சுவரில் ஒட்டிவிட்டால் லாரிக்காரர் முன்னால் கால்குலேட்டர் தட்ட வேண்டியதில்லை.

ஒன்று கவனி. டாலர் போட்டாலும் மேலே புதிதாக ஒரு வரி நுழைத்தால் $டி$2 தானாகவே $டி$3 ஆகும். பயப்படாதே, ரேட் கீழே இறங்கியதால் ஃபார்முலாவும் அதன் பின்னாலேயே போகிறது.

இப்போதெல்லாம் பணம் பட்டுவாடா பண்ணும் முன், கன்ட்ரோலோடு 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையைத் தட்டிவிடுகிறேன். எண்கள் மறைந்து ஃபார்முலாக்கள் வரிசையாகத் தெரியும். கடைசி வரியில் $டி$2 நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கவர் போடுகிறேன். அந்த அக்காவுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் நாள், ரேட், தொகை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். மற்ற மூவரும் இப்போது அதே சீட்டைக் கேட்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து எல்லாருக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

உன் ஷீட்டை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். எடுப்பு முடிந்ததும் தை மாதம் கோபாலபுரம் வருகிறேன். அம்மாவுக்கு ஏலக்காய் எடுத்துவைத்திருக்கிறேன் என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்