பணம் வந்த வழியும் கணக்கில் ஏற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏத்தங்காய் சிப்ஸ், கருப்பட்டி, தேன், கிராம்பு என்று குமரி மாவட்டத்தில் விளைவதையும் வீட்டில் செய்வதையும் இணையத்தில் விற்கும் குடும்பங்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் பல உள்ளன. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. இன்று எத்தனை ஆர்டர் என்று கேட்டால் எங்களில் எவரும் உடனே சொல்லிவிடுவோம். அதில் எவ்வளவு பணம் எந்த வழியாக வந்தது, எது இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று கேட்டால் தடுமாறுவோம். அந்தத் தடுமாற்றத்தால் கைப்பணத்தை இழந்த பிறகே இதை எழுதுகிறேன்.

சென்ற ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில், பொருளைப் பெறும்போது பணம் கொடுக்கும் கேஷ் ஆன் டெலிவரி முறையில் 46 பார்சல்களை அனுப்பினேன். கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை வாரம் ஒருமுறை மொத்தமாக வங்கியில் போட்டது. பாஸ்புக்கில் அது ஒரே வரி. மூன்று மாதம் கழித்து, ஆடிட்டர் கேட்ட விவரத்துக்காக ஒவ்வொரு பார்சலாக டிக் அடித்துப் பார்த்தபோதுதான், நான்கு பார்சல்களுக்குப் பணமும் வரவில்லை, பொருளும் திரும்பவில்லை என்பது தெரிந்தது. புகார் செய்வதற்கான கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. 2,860 ரூபாய் போனது போனதுதான். வாராவாரம் பார்த்திருந்தால் அந்த வாரமே கேட்டிருப்பேன்.

பேமெண்ட் கேட்வே (வாடிக்கையாளரிடம் இணையத்தில் பணம் வாங்கி நமக்கு அனுப்பும் நிறுவனம்) வழியாக வரும் பணத்தில் சிக்கல் வேறு விதமானது. ஒருநாள் 640, 1,180, 925 ரூபாய்க்கு மூன்று ஆர்டர்கள் வந்தன, கூட்டினால் 2,745. பேமெண்ட் கேட்வே நிறுவனம் 2 சதவீதக் கட்டணமாக 54 ரூபாய் 90 காசையும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 9 ரூபாய் 88 காசையும் கழித்து, இரண்டு வேலைநாள் கழித்து 2,680 ரூபாய் 22 காசை ஒரே தொகையாக வரவு வைத்தது. வங்கியில் வந்ததையே விற்பனை என்று எழுதுகிறவர்கள் எங்களில் பலர். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அது தவறு. விற்பனை 2,745, கழிந்தது செலவு. நிகரத் தொகையை விற்பனையாகக் காட்டினால் ஜி.எஸ்.டி. கணக்கில் விற்பனை குறைந்து நிற்கும். கட்டணத்தின் மீது செலுத்திய வரிக்கு, தகுதியுள்ளவர்கள் பெறக்கூடிய உள்ளீட்டு வரி வரவும், அதாவது நாம் கட்டவேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பும், கைநழுவும். மாதக் கடைசி நாளில் விற்றதன் பணம் அடுத்த மாதம் வந்தாலும், விற்பனை சேரவேண்டியது பில் போட்ட மாதத்தில்தான்.

எங்கள் ஆடிட்டர் சொல்லிக் கொடுத்த வழி எளியது. கேட்வேக்கு ஒன்று, கூரியருக்கு ஒன்று, யு.பி.ஐ.க்கு ஒன்று என்று தனித்தனிப் பேரேடு வைத்து, ஆர்டர் எண்ணோடு முழுத் தொகையையும் அதில் பற்று எழுத வேண்டும். வங்கிக்கு வந்ததையும், பிடித்த கட்டணத்தையும், வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்ததையும் வரவு எழுத வேண்டும். மிச்சம் நிற்பது அவர்கள் நமக்குத் தரவேண்டிய பாக்கி. ரீஃபண்டை மறந்தால் கணக்கு ஒருநாளும் நேராகாது, ஏனென்றால் கேட்வே அதைப் பெரும்பாலும் அடுத்துவரும் தொகையில் கழித்துக்கொள்கிறது.

யு.பி.ஐ.யில் கட்டணத் தொல்லை குறைவு. வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யு.பி.ஐ. பணத்துக்கு 2020 ஜனவரி முதல் எம்.டி.ஆர்., அதாவது வணிகரிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாது. ஆனால் வாட்ஸ்அப் ஆர்டருக்கு வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் கட்டுவது ஆபத்து. 12 இலக்கப் பரிவர்த்தனை எண் நம் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்ட வேண்டும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, நமக்கு உறுதி வராமல் போனால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பதும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பதும் ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த விதி. இதை எடுத்துச் சொன்னால் கோபமாகப் பேசுகிறவரும் பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறார். பெரிய இணையச் சந்தைகள் வழியாக விற்பவர்கள், அவை நம் விற்பனைத் தொகையிலிருந்து ஜி.எஸ்.டி.க்காகப் பிடித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். தொகையையும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 10 முதல் அது அரை சதவீதம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதை நாமே ஏற்றுக்கொண்டால்தான், வரி கட்ட அங்கே நம் பெயரில் உள்ள ரொக்கப் பேரேட்டில் சேரும்.

நான் சென்ற ஒரு பயிற்சி முகாமில் பொருளைப் படம் எடுப்பது முதல் விளம்பரம் போடுவது வரை இரண்டு நாள் சொல்லித் தந்தார்கள். வந்த பணத்தைச் சரிபார்ப்பது பற்றி ஒரு மணி நேரம்கூட இல்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்டத் தொழில் மையமும், மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் வங்கிகளும் இதற்கென அரைநாள் வகுப்பு நடத்த முன்வர வேண்டும். கூரியர் நிறுவனங்கள் பணம் அனுப்பும்போது தங்கள் பார்சல் எண்ணோடு எங்கள் ஆர்டர் எண்ணையும் ஒவ்வொரு வரியிலும் குறிக்க வேண்டும். இப்போது இரண்டையும் பொருத்தவே ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் போய்விடுகிறது.

இப்படிக்கு,
சிறுதொழில் செய்யும் வாசகர்,
தக்கலை.