பைன் தடிகளைப் பலகையாக்கித் தந்தவர்களுக்கு

அன்புள்ள பெரியவருக்கும், அண்ணனுக்கும், அக்காவுக்கும், மூன்று நாளும் கூடவே நின்ற தம்பிகள் இருவருக்கும்,

காற்றில் சாய்ந்த பைன் மரங்கள் இன்று 43 பலகைகளாகக் கூரைக்கடியில் அடுக்கிக் கிடக்கின்றன. விறகுக்குத்தான் ஆகும் என்று நினைத்திருந்தவன் நான். உங்களுக்கு நேரில் நன்றி சொன்னது போதவில்லை, அதனால்தான் இந்த மடல்.

பெரியவரே, முதல் நாள் செயின்சாவில் வழக்கமான சங்கிலியையே மாட்டித் தடியை நீளவாக்கில் அறுக்கப் பார்த்தேன். ஒரு முழம் போவதற்குள் எஞ்சின் திணறியது, கருகல் வாடை அடித்தது. நீங்கள் வந்து கீழே விழுந்த தூளை அள்ளி, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தீர்கள். "குருணையா வரணும்பா, இது மாவு. பல்லு மழுங்கிப்போச்சு." அப்புறம் அரத்தை என் கையில் கொடுத்து, என் கைமேல் உங்கள் கையை வைத்தீர்கள். குறுக்கே அறுக்கும் சங்கிலியின் பல் 30 பாகைச் சாய்வில் இருக்கும், நீளவாக்கில் அறுப்பதற்கு 10 பாகைதான் சரி என்பதை அன்றைக்கு என் விரல்களே கற்றுக்கொண்டன. ஒவ்வொரு பலகை முடிந்ததும் இரண்டு இழுப்பு அரம் போட வேண்டும் என்றீர்கள். ஒருமுறைகூட நான் அதைத் தவறவிடவில்லை.

அண்ணா, முதல் அறுப்புக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டீர்கள். ரம்பம் நேராக ஓட வழியாகத் தடியின் மேல் அலுமினிய ஏணியைப் படுக்கவைத்து, இரண்டு முனையிலும் ரசமட்டம் பார்த்து, தொய்வு வரும் இடத்தில் சிராய்த் துண்டு செருகி, ஏணியைப் பிடித்த திருகாணியின் முனை சங்கிலி போகும் ஆழத்துக்கு இறங்கவில்லையே என்று அளந்து பார்த்து... எனக்கு அப்போது பொறுமையில்லை. அடுத்த பலகைக்கு, அறுத்த அந்த முகத்தின் மேலேயே ரம்பத்தைப் பிடித்திருக்கும் சட்டம் ஓடியபோதுதான் காரணம் புரிந்தது. முதல் முகத்தில் ஒரு கோணல் இருந்திருந்தால் அந்தத் தடியின் பலகைகள் எல்லாவற்றிலும் அது இறங்கியிருக்கும்.

தம்பிகளா, ரம்பம் முன்னே போகப் போகப் பின்னால் ஆப்பு செருகிக்கொண்டே வந்தீர்களே, அதனால்தான் வெட்டு மூடிக்கொண்டு, சங்கிலி ஓடும் தகடான பார் சிக்கவில்லை. காதுக்கவசத்தை நான் மறந்தபோதெல்லாம் ரம்பத்தை நிறுத்தச் சொன்னதும் நீங்கள்தான்.

அக்கா, தடியை வெயிலில் போட்டுவைக்காதே, பைனின் வெள்ளைப் பகுதியில் சீக்கிரமே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும் என்று அவசரப்படுத்தினீர்கள். முனைகளுக்குப் பெயிண்ட் அடித்ததும், இரண்டடிக்கு ஒரு ரீப்பர் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று நேர்க்கோட்டில் வரும்படி அடுக்கியதும் நீங்களே. மேலே கல் ஏற்றியிருக்கிறேன். இதுவரை ஒன்றும் வளையவில்லை.

முதல் பலகையைத் தூக்கித் திருப்பிய நேரம் மறக்கவில்லை. பிசின் வாசம் குப்பென்று வந்தது. நடுவில் இளஞ்சிவப்பாக வைரம், பச்சை மரத்தின் ஈரம் உள்ளங்கையில் சில்லென்று. நாம் ஆறு பேரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெரியவரே, இரண்டாம் தடியின் அகலமான பலகை ஒன்றைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். அது உங்கள் பட்டறை மேசைக்கு. காய்ந்ததும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.